ஒரு பழைய மின் பியானோவின் விலை

மூன்றாறு அருகே ஒரு கிளையில் நான் பணியாற்றிய காலத்தில், தேயிலைத் தோட்டக் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஒரு காலை வேளையில் வந்து, தமது நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். தொகை 1,50,000 ரூபாய். மூன்றாண்டு வைப்பில் இருபத்திரண்டு மாதங்கள் கழிந்திருந்தன. தந்தையின் பணி ஓய்வுப் பணத்திலிருந்து அவர் பங்காக வந்த தொகை அது. மருத்துவச் செலவோ, தங்கையின் திருமணமோ என்று எண்ணிக் காரணம் கேட்டேன்.

“பியானோ வாங்கணும் சார். பழைய எலெக்ட்ரிக் பியானோ.”

அவர் தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். திருவிழாக் காலங்களில் எல்லையின் இருபுறமும் மெல்லிசைக் குழுக்களோடு செல்வார். கோவையிலும் கொச்சியிலும் ஒலிப்பதிவுக் கூடங்கள் சிலவற்றிலிருந்தும் அவ்வப்போது அழைப்பு வரும். கைப்பேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். கறுப்பு மேல்மூடி, எழுபத்துமூன்று கட்டைகள், முன்பக்கத்தில் ‘ரோட்ஸ்’ என்னும் எழுத்து. விலை 90,000 ரூபாய். விற்பவர் தம்மை இராணுவ அதிகாரி என்றும், இடமாற்றலாகிச் செல்வதால் விற்பதாகவும் சொல்லியிருந்தார். முன்பணமாக 5,000 ரூபாய் ஏற்கெனவே போயிருந்தது. மீதியை அன்று மாலைக்குள் அனுப்பவேண்டும்.

நான் வணிகவியல் படித்தவன். எனினும் சித்தூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டில் ஓர் ஹார்மோனியம் உண்டு. அதன் துருத்தியைக் கிழித்து அடி வாங்கிய அனுபவமும் உண்டு. அதனால்தானோ என்னவோ, படிவத்தை எடுக்காமல் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பியானோவுக்குப் பின்னால் சுவரில் ஒரு மின்செருகி தெரிந்தது. அதில் நம் ஊர்ச் செருகியின் மூன்று வட்டத் துளைகள் இல்லை. அமெரிக்க வீடுகளில் இருக்கும் தட்டையான இரண்டு கீற்றுகளும் அவற்றின்கீழ் ஒரு துளையும் இருந்தன. புனேயில் இருப்பதாகச் சொல்லப்பட்ட கருவிக்கு அமெரிக்கச் சுவர் எங்கிருந்து வந்தது?

விற்பவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கச் சொன்னேன். இன்றைய செய்தித்தாளைக் கட்டைகளின்மேல் வைத்து, எழுபத்துமூன்று கட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து ஒரு காணொளி அனுப்பவேண்டும். பதிலாக வந்தது ஒரு கியூஆர் குறியீடு. ‘நம்பிக்கை இல்லையென்றால் இதை ஸ்கேன் செய்து உங்கள் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு குறிப்பு. பணம் பெறுவதற்கு எவரும் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ யுபிஐ ரகசிய எண்ணை இடவோ தேவையில்லை. எண்ணை இட்டால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியேதான் போகும். இதை எத்தனையோ சுவரொட்டிகளில் எழுதிவிட்டோம். இருந்தும் மனத்துக்குப் பிடித்த பொருள் ஒன்று கண்முன் நிற்கும்போது சுவரொட்டி நினைவுக்கு வருவதில்லை. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் பதிந்தோம். முன்பணம் அனுப்பி மூன்று நாள்கள் ஆகியிருந்தன. முதல் சில மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கும். அந்த 5,000 ரூபாய் திரும்பவில்லை. வைப்பு மட்டும் தப்பியது.

அன்று மாலை அவர் கேட்ட கேள்விதான் என்னை இந்தக் கருவியைப் பற்றிப் படிக்க வைத்தது. “ஏமாந்தது சரி சார். உண்மையான பியானோ ஒன்று கிடைத்தால், அது எவ்வளவு பெறும் என்று எனக்கு எப்படித் தெரியும்?”

மின் பியானோ என்றவுடன் இன்றைய டிஜிட்டல் கீபோர்டு நம் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. டிஜிட்டல் கீபோர்டில் ஒலி ஒரு சில்லில் பதிந்திருக்கிறது. பழைய மின் பியானோவில் ஒலி உண்மையாகவே உள்ளே பிறக்கிறது. ரோட்ஸ் பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு சுத்தி எழுந்து, ‘டைன்’ எனப்படும் மெல்லிய எஃகுக் கம்பியை அடிக்கும். அக்கம்பிக்கு மேலே ஒரு கனத்த உலோகப் பட்டை உண்டு. பள்ளி ஆய்வகத்தில் பார்த்த இசைக்கவையின் ஒரு கையை மெலிதாகவும் மறு கையைத் தடிப்பாகவும் செய்தால் எப்படியிருக்குமோ, அதுதான் இது. கம்பியின் அதிர்வை அதன் முனைக்கு எதிரே இருக்கும் காந்தச் சுருள் மின்குறிப்பாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. கம்பியின்மேல் சுற்றியிருக்கும் ஒரு சிறிய சுருள்வில்லை முன்னும் பின்னும் நகர்த்தினால் சுருதி மாறும். மெதுவாக அழுத்தினால் மணியோசை, ஓங்கி அடித்தால் ஒரு கரகரப்பு. 

இதை உருவாக்கிய ஹரோல்ட் ரோட்ஸ் 1910இல் அமெரிக்காவில் பிறந்தவர், பியானோ ஆசிரியர். இரண்டாம் உலகப்போரின்போது மருத்துவமனைகளில் படுத்துக்கிடந்த வீரர்களுக்கு இசை கற்பிக்க, மடியில் வைத்து வாசிக்கத்தக்க இருபத்தொன்பது கட்டைச் சிறு பியானோவைப் போர் விமானங்களின் அலுமினியக் குழாய்களைக் கொண்டு செய்தார். அந்த விதைதான் பின்னாளில் கிட்டார் புகழ் லியோ ஃபெண்டரோடு கூட்டாகி, 1965இல் எழுபத்துமூன்று கட்டைப் பியானோவாக வெளிவந்தது. 1970இல் ஒலிபெருக்கி இல்லாத, கால்களைக் கழற்றி எடுத்துச்செல்லக்கூடிய ‘ஸ்டேஜ்’ வகை வந்தது. இதற்கு உடன்பிறவாச் சகோதரன் வுர்லிட்ஸர். 1950களின் நடுவில் தொடங்கிய அந்தப் பியானோவில் சுத்தி அடிப்பது எஃகு ரீடை. நம் ஹார்மோனியத்தில் பித்தளை ரீடைக் காற்று அசைக்கிறது, அங்கே சுத்தி அசைக்கிறது. 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 என்னும் மின்னணுக் கருவி வந்தபின் இவ்விரண்டின் காலமும் முடிந்துபோயிற்று. 

நம் பகுதிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளியில் 1928இல் பிறந்தவர் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன். இடுக்கி மலைக்குக் கீழே, தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இளையராஜா. இருவரும் ஹார்மோனியத்தில் மெட்டமைத்தவர்கள். எல்லையோரத்தின் இந்த இரு முனைகளிலிருந்தும் கட்டைமேல் விரல் வைத்தவர்கள் சென்னை சென்று தமிழ்த் திரையிசையை மாற்றினார்கள். எழுபதுகளின் பிற்பாதியிலும் எண்பதுகளிலும் வந்த பாடல்களில் குரலுக்குப் பின்னால் மெல்லச் சொட்டும் அந்த மணியோசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அது எந்தக் கருவி என்று எனக்குத் தெரிந்தது நாற்பது வயதுக்குமேல், ஒரு வாடிக்கையாளரின் தயவால்.

கருவி ஒரு சொத்து என்பதற்கும் திரையிசை உலகிலேயே சான்று உண்டு. மலையாளப் படங்களில் இசையமைத்த ஆர்.கே. சேகர் 1976இல் காலமானபோது அவர் மகனுக்கு ஒன்பது வயது. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு வந்த வருமானத்தில் அந்தக் குடும்பம் நடந்தது. அந்த மகன் ஏ.ஆர். ரகுமான். நிலமும் நகையும் மட்டுமே சொத்து என்று நினைக்கும் நம் கணக்குப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்கலாம்.

இது நடந்த அடுத்த ஆண்டு எனக்குப் பாலக்காட்டுக்கு மாற்றலாயிற்று. நவம்பர் மாதம். ஓய்வூதியர்கள் உயிர்வாழ்ச் சான்று அளிக்க வரிசையில் நிற்கும் மாதம். குடும்ப ஓய்வூதியம் பெறும் முதிய அம்மையார் ஒருவர், அலுவல் முடிந்தபின்னும் எழுந்து போகாமல் ஒரு சந்தேகம் கேட்டார். வீட்டை ஒழித்து மகளோடு போய் இருக்கப்போகிறார். அவருடைய தம்பி வளைகுடா நாட்டு விடுதியொன்றில் இசைக்குழுவில் வாசித்தவர், எண்பதுகளில் ஒரு பெரிய பியானோப் பெட்டியைக் கொண்டுவந்து இந்த வீட்டில் வைத்தார். தம்பி இப்போது இல்லை, அவருக்குக் குடும்பமும் இல்லை. பழைய சாமான் வியாபாரி 12,000 ரூபாய் தருகிறேன் என்கிறான். உறவுக்காரப் பையன் ஒருவனோ, ‘இது 1878ஆம் ஆண்டுப் பொருள், உள்ளே அச்சடித்திருக்கிறது, ஐந்து லட்சத்துக்குக் குறையக் கூடாது’ என்கிறான். வங்கியில் இதற்கெல்லாம் மதிப்புப் போட்டுத் தருவீர்களா?

நாங்கள் தங்கத்துக்கு மதிப்பீட்டாளர் வைத்திருக்கிறோம், நிலத்துக்கும் வைத்திருக்கிறோம். பியானோவுக்கு இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்து இளைஞர் என் நினைவுக்கு வந்தார். இங்கே எனக்கு ஒரு தயக்கம். ஒரு வாடிக்கையாளரின் வீட்டில் என்ன இருக்கிறது என்பதை இன்னொருவரிடம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. இருவருமே எங்கள் வங்கியின் வாடிக்கையாளர்கள். ஒருவருக்கு விலை குறைந்தால் மற்றவருக்கு நட்டம். ஆகவே அம்மையாரின் அனுமதி பெற்று, இளைஞரின் சம்மதத்தையும் கேட்டு, அவர் எண்ணை அம்மையாரிடம் கொடுத்தேன். பேசுவதும் பேசாதிருப்பதும் அவர் விருப்பம். விலைபற்றி நான் வாய் திறக்கமாட்டேன் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். பார்க்கப் போகும் நாளில் உடன் வருவதற்கு மட்டும் ஒப்புக்கொண்டேன். அது ஞாயிற்றுக்கிழமை.

இளைஞர் முதல் நாளே உடுமலை, பொள்ளாச்சி வழியாக வந்து சேர்ந்தார். பாலக்காட்டிலிருந்து சிறிது தொலைவில் உள்ள பெருவெம்பில் செண்டையும் மத்தளமும் மிருதங்கமும் செய்யும் குடும்பங்கள் உண்டு. அங்கிருந்து எனக்குத் தெரிந்த ஒருவரையும் அழைத்துக்கொண்டோம். மின் பியானோவை அவர் கண்டதில்லை. ஆனால் மரத்தைத் தட்டிப் பார்த்தே அதன் வயிற்றைச் சொல்லக்கூடியவர். 

மேல்மூடியின் திருகுகளைக் கழற்றியதும் முதலில் அந்த ‘1878’ வெளிப்பட்டது. இளைஞர் சிரித்துவிட்டார். ரோட்ஸ் பியானோவின் உட்சட்டகத்தில் அச்சிடப்படும் நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 1978ஆம் ஆண்டின் பதினெட்டாவது வாரம் என்பது அதன் பொருள். ரோட்ஸ் என்பவரே பிறந்திராத 1878இல் அவர் பெயரில் பியானோ எப்படி வந்திருக்கும்? ஐந்து லட்சம் அந்த நொடியில் இறங்கிற்று. அம்மையார் முகம் சற்று வாடியதையும் நான் கண்டேன்.

பிறகு நடந்த சோதனையை விரிவாகவே எழுதுகிறேன். பழைய இசைக்கருவி எதை வாங்க நினைப்பவருக்கும் அதில் பயன் இருக்கும் என்பது என் எண்ணம்.

எழுபத்துமூன்று கட்டைகளையும் முதலில் மென்மையாகவும் பிறகு வன்மையாகவும் வாசித்தார். நான்கு கட்டைகள் ஊமை. உலோகச் சட்டகத்தை வண்டியின் பானெட்டைத் தூக்குவதுபோல மேலே தூக்கி நிறுத்தினார். இப்படித் தூக்கக்கூடியதாக வடிவமைத்ததே அதன் சிறப்பு என்றார். ஊமையான நான்கில் இரண்டில் கம்பி முறிந்திருந்தது. மற்ற இரண்டின் காந்தச் சுருளை மல்டிமீட்டரால் அளந்தார். நல்ல நிலையில் உள்ள சுருள் ஏறக்குறைய 180 ஓம் காட்டவேண்டுமாம். ஒன்று காட்டியது. மற்றது எதுவும் காட்டவில்லை, உள்ளே அறுந்திருக்கிறது. காட்டியதில் கம்பி சுருளின் முனையை விட்டு விலகியிருந்தது. ஒரு திருகைச் சரிசெய்தார், உடனே பேசிற்று. அம்மையார் அருகே வந்து நின்றுகொண்டார்.

சுத்திகளின் ரப்பர் முனைகளில் கம்பி பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. அவை மாற்றவேண்டியவை. கம்பித் தொகுதிகளைத் தாங்கும் சிறு ரப்பர் வளையங்கள் இறுகிப்போயிருந்தன. அவை இறுகினால் ஒலி சீக்கிரம் அணைந்துவிடும். ஒலியை நிறுத்தும் கம்பளித் துண்டுகளில் சிலவற்றைப் பூச்சி அரித்திருந்தது. கம்பிகளில் துரு பரவலாக இல்லை, ஓரத்தில் ஏழெட்டில் மட்டும். பெருவெம்புக்காரர் பெட்டியின் அடிப்பலகையை நான்கு மூலையிலும் தட்டி, கரையான் உள்ளே போகவில்லை என்றார். கோடையில் கணவாய்க் காற்றில் காய்ந்தும் மழையில் ஊறியும் மரம் தன் ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டது, இனி வளையாது என்பது அவர் கருத்து. கால்கள் நான்கும் இருந்தன. பெடல் இருந்தது, அதைப் பியானோவோடு இணைக்கும் தண்டைக் காணவில்லை.

மின்சாரத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலை இருந்தது. அமெரிக்கக் கருவிகள் 120 வோல்ட்டில் இயங்குபவை. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் புகை வந்துவிடும். வுர்லிட்ஸர் போன்ற, ஒலிபெருக்கி உள்ளேயே இருக்கும் பியானோவுக்கு இது மெய்யான ஆபத்து. தக்க மின்மாற்றி இல்லாமல் அதைச் செருகிப் பார்க்கவே கூடாது. ரோட்ஸிலும் ஒலிபெருக்கிப் பெட்டியோடு வரும் ‘சூட்கேஸ்’ வகைக்கு இதே எச்சரிக்கை பொருந்தும். எங்கள்முன் இருந்தது ஸ்டேஜ் வகை. அதற்கு மின்சாரமே தேவையில்லை. மின் கிட்டார் போல அது குறிப்பை மட்டும் தருகிறது, வெளியே இருக்கும் ஒலிபெருக்கிதான் மின்சாரம் உண்கிறது. பெயர் மின் பியானோ, மின்கம்பியோ கிடையாது!

இங்கே நான் ஒரு வங்கி அதிகாரிக்கே உரிய கேள்வியைக் கேட்டேன். ஏறத்தாழ அறுபது கிலோ எடையுள்ள இதன் ஒலியை இன்றைய கீபோர்டு ஒன்று ஒரு பொத்தானில் தந்துவிடுமே? மேடைக்கு அதுதான் நல்லது என்று அவரும் ஒத்துக்கொண்டார். “ஆனால் சார், பதினைந்து வருஷம் ஆன டிஜிட்டல் கீபோர்டில் சில்லு போனால் தூக்கித்தான் போடணும். இது நாற்பது வருஷத்துக்குமேல் கிடந்த பிறகும் ஸ்க்ரூ டிரைவரில் பேசுகிறது.” ஒலிப்பதிவுக் கூடங்கள் இரண்டில் இந்தக் கருவிக்கு நாள் வாடகை பேசி வைத்திருந்தார். தேய்மானக் கணக்குப் படித்த எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. எல்லாப் பொருளும் ஆண்டுக்காண்டு மதிப்புக் குறைந்து பூச்சியத்தை நோக்கிப் போகும் என்றுதான் கல்லூரியில் எழுதினோம். பழுதுபார்க்க முடிந்த பொருளின் கோடு ஓரிடத்தில் படுத்துக்கொள்கிறது. பழுதுபார்க்கத் தெரிந்த கை பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அந்தக் கை இல்லாதவர்க்கு இந்தப் பியானோ வியாபாரி சொன்ன 12,000 ரூபாய்க்குக்கூட அதிகம்தான்.

விலைப் பேச்சு தொடங்கியது. நான் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே பேசியது காதில் விழத்தான் செய்தது. 

இளைஞர் குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவைப் பக்கத்தில் குறித்தார். கம்பி, சுருள், சுத்தி முனை, ரப்பர் வளையம், கம்பளி. இவையெல்லாம் இன்றும் அமெரிக்காவில் புதிதாகச் செய்யப்படுகின்றன, தருவிக்கும் செலவும் சுங்க வரியும் சேரும். இதுவரை எவரும் செய்வதுதான். அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பழுதுபார்த்த இதே வகைப் பியானோக்களை வெளிநாட்டுக் கடைகள் என்ன விலைக்கு விற்கின்றன என்பதைத் தம் கைப்பேசியில் எடுத்து அம்மையாரிடம் கொடுத்து, “நீங்களே பாருங்கம்மா” என்றார். அவை லட்சங்களில் இருந்தன. வியாபாரியின் 12,000 ரூபாயோடு ஐயாயிரம் சேர்த்துக் கொடுத்திருந்தால் அன்று மாலையே கருவி வண்டி ஏறியிருக்கும். 5,000 ரூபாயை ஏமாந்து இழந்தவருக்கு அடுத்தவரை ஏமாற்ற மனம் வரவில்லையோ, அல்லது நான் திண்ணையில் இருந்தது காரணமோ, அறியேன்.

அம்மையாரும் எளிதில் விடவில்லை. நாற்பது ஆண்டுகள் கூடத்தில் இடம் அடைத்துக் கிடந்த பொருளுக்கு அவர் ஒரு வாடகையும் மனத்தில் கணக்கிட்டு வைத்திருந்தார் என்று தோன்றிற்று. கடைசியில் 1,20,000 ரூபாய்க்கு இணங்கினார்கள், ஒரு நிபந்தனையோடு. முதல் மூன்று மாதங்கள் மாதம் 4,000 ரூபாய் வாடகை. எங்கள் பக்கத்தில் திருவிழாக்களும் கிறிஸ்துமஸும் பொங்கலும் வரும் மாதங்கள் அவை. அதற்குள் கருவி சரியாகி வருமானம் தந்தால், கட்டிய 12,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 1,08,000 ரூபாய்க்கு அது அவருடையது. சரிப்படவில்லை என்றால் அவர் செலவிலேயே திருப்பிக் கொண்டுவந்து வைக்கவேண்டும். இந்த யோசனையைச் சொன்னது அம்மையார். முத்திரைத்தாளில் எழுதும்போது கருவியின் வரிசை எண், அந்த 1878, ஊமையான கட்டைகள், பெடல் தண்டு இல்லாதது ஆகிய யாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டனர். பழைய பொருளை வாங்குபவர்கள் பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்குவதில்லை. பின்னால் திருட்டுப் பொருளென்று எவரேனும் கிளப்பினால் கையில் எதுவும் இராது. எழுத்தும், வங்கி வழியாகச் சென்ற பணமும் அந்த நாளில் பேசும். 

மூன்று மாதத்துக்குப் பின் இளைஞரிடம் 8,000 ரூபாய் கையில் இருந்தது. மீதி ஒரு லட்சத்துக்கு மறுபடியும் அந்த நிரந்தர வைப்பின் பேச்சு எழுந்தது. வைப்பை முறிப்பதா, கடன் வாங்குவதா? புதிய கிளையில் இருந்தாலும் தொலைபேசியில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். எண்கள் வங்கிக்கு வங்கி மாறும், எனவே இதை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளவும். ஏழு சதவீத வட்டியில் போட்ட 1,50,000 ரூபாய் வைப்பை முதன்முறை அவர் வந்தபோது, அதாவது இருபத்திரண்டாம் மாதத்தில், முறித்திருந்தால், அந்தக் காலத்துக்கு உரிய குறைந்த வட்டியும் அதற்குமேல் அபராதமும் சேர்ந்து ஒன்றேகால் சதவீதம் போயிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வட்டியில் ஏறக்குறைய 3,400 ரூபாய் இழப்பு. மாறாக, வைப்பை ஈடாக வைத்து எட்டு சதவீதத்தில் ஒரு லட்சம் கடன் பெற்றுப் பன்னிரண்டு தவணைகளில் கட்டினால், மாதம் சுமார் 8,700 ரூபாய், மொத்த வட்டி சுமார் 4,400 ரூபாய். அதே தொகையைப் பதின்மூன்று சதவீதத் தனிநபர் கடனாக வாங்கினால் வட்டி சுமார் 7,200 ரூபாய் ஆகும். கடன் வட்டி 4,400 ரூபாய் போகிற ஆண்டில் வைப்பு 10,500 ரூபாய் ஈட்டிக்கொண்டே இருக்கிறது. முறித்த பணம் எவரிடமும் திரும்பி வந்ததாக என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை என்பதும் ஒரு கணக்குத்தான். 

மனைவியின் நகையை வைத்துவிடலாமே என்று அவர் நடுவில் ஒருமுறை கேட்டார். மனைவியிடம் கேட்டீர்களா தம்பி என்றேன். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். வெளிநாட்டிலிருந்து நேரடியாகத் தருவித்தால் என்ன என்றும் அவர் முன்பு ஒருமுறை விசாரித்திருந்தார். பயன்படுத்திய பொருள்களை இறக்குமதி செய்வதில் அரசின் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. சுங்க முகவர் ஒருவரைக் கலந்து, அனுமதி உண்டா, வரி எவ்வளவு என்று எழுத்தில் அறிந்தபின்னரே வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பவேண்டும். துறைமுகத்தில் சிக்கிய பெட்டிக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும்.

கருவி இப்போது மூன்றாற்றில் இல்லை, மறையூரில் இருக்கிறது. இதுவும் அவர் செய்த நல்ல முடிவுகளில் ஒன்று. மூன்றாறுத் தோட்டக் குடியிருப்பில் ஆனி, ஆடி மாதங்களில் அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிட்டால்தான் துணி பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கும். எஃகுக் கம்பிகளின் கதி என்னாகும்? நாற்பது கிலோமீட்டர் கீழே மறையூர் மழைமறைவுப் பகுதி. சந்தன மரம் வளரும் ஊர், மழை குறைவு. அங்கே அத்தை வீட்டின் ஓர் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பாலக்காட்டிலிருந்து புறப்பட்ட சிறிய வண்டி பொள்ளாச்சி, உடுமலை கடந்து சின்னாறு வழியாகத்தான் மீண்டும் கேரளத்துக்குள் ஏறவேண்டும். ஒப்பந்த நகலையும் பணம் செலுத்திய சான்றையும் ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பச் சொன்னேன். சோதனைச் சாவடியில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லையாம்.

அம்மையார் அந்த 1,08,000 ரூபாயில் ஒரு லட்சத்தை மூத்த குடிமக்கள் வைப்பில் போட்டார். வாடகையாகப் பெற்ற 12,000 ரூபாய்க்கு வரி உண்டா என்று கேட்டார். அவர் வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்ததால் வரி இல்லை என்றேன். ஏமாற்றமடைந்ததுபோல் இருந்தது. வரி கட்டும் அளவுக்கு ஒரு பியானோ சம்பாதித்தது என்று தம்பியின் நினைவில் சொல்லிக்கொள்ள நினைத்திருக்கலாம்.

ஜூன் மாதம் இளைஞர் அழைத்தார். ஊமையாயிருந்த மூன்று கட்டைகளும் பேசுகின்றன, இரண்டு கட்டைகள் ஈரத்தில் உப்பி ஒன்றோடொன்று உரசுகின்றன, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார், தவணை ஐந்து கட்டியாயிற்று. பெடல் தண்டு மட்டும் இன்னும் இல்லை. இரும்புப் பட்டறையில் செய்துகொண்டது நீளம் கூடிவிட்டது, உண்மையான தண்டு அந்த வீட்டில் எங்காவது கிடக்குமா? அம்மையாரிடம் சொன்னேன். வீட்டை ஒழித்த நாளில் பரணிலிருந்து எடுத்த குடைக்கம்பிகளோடு ஒரு நீளமான கம்பி இருந்தது என்றும், கொடி கட்டக் கொல்லையில் நட்டிருப்பதாகவும் சொன்னார். மறுநாள் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கிளைக்கே எடுத்துவந்தார். பதிவு அஞ்சலில் மறையூருக்கு அனுப்பிவைத்தோம்.